ஆனைமலை உட் துரை

பொன்னீட்டிப் புகழ் பெற்றார் பலர். மரம் நட்டுப் புகழ் பெற்றார் சிலரே. அச்சிலருள் ஒருவர், நம் கொங்கு நாட்டு ஆனைமலைக் காடுகளில் பணிபுரிந்த ஹியூகோ உட் என்னும் ஆங்கிலேயர். பொள்ளாச்சியைக் கடந்து டாப்ஸ்லிப் சென்றவர்கள் அவர் பெயரைக் கேட்டிருப்பர். அவர் செய்த அருஞ்செயலின் வரவு செலவை ஆராய்ந்தார் அரியர். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கின் உறுதி ஆங்கிலேயர்க்குப் புலனாயிற்று. முதலில் கப்பல் கட்டுதற்கு வெட்டினர். இருப்புப்பாதை தோன்றியபின் சிலீப்பர் கட்டைகளுக்கும் வெட்டினர். யானைகள் இழுத்து வந்த மரங்களை மலைமேலிருந்து சரிவின் வழியே அடிவாரத்துக்குச் சறுக்கி விட்டனர். டாப்ஸ்லிப் என்னும் பெயர் இதனால் எழுந்ததே. அக்காலத்துக் கணக்கு மிக எளிது. வெட்டுகூலியும் வண்டிச்சத்தமும் செலவு, மரத்தின் விலை வரவு, எஞ்சியது இலாபம். மரம் வளர்வதற்குச் சென்ற நெடுங்காலம் அக்கணக்கில் ஒரு காசும் பெறவில்லை. விதைநெல்லைக் குத்தியுண்டு, இவ்வாண்டு அரிசிக்குக் குறைவில்லை என மகிழும் குடியானவன் செயலுக்கு அஃது ஒப்பாயிற்று.

1870-ஆம் ஆண்டில் பிறந்த உட், இந்திய வனத்துறை அதிகாரியாய், முதல் உலகப்போர் நிகழ்ந்த நாட்களில் ஆனைமலையில் பொறுப்பேற்றார். காட்டை முதலாகவும், அதன் ஆண்டு வளர்ச்சியை வட்டியாகவும் கொள்ளுதல் வேண்டும். வட்டிக்கு மேல் எடுத்தல் ஆகாது. இதுவே வன நூலார் கொள்கை. உட் அதனைச் செயலிற் காட்டினார். அடிக்கட்டையைச் சிதைக்காது வெட்டினால் வேர் உயிரோடிருந்து மீண்டும் தளிர்க்கும். கட்டைக் கரும்பு வளர்க்கும் நம் உழவர் அறிந்த இம்மறுதாம்பு முறையை அவர் தேக்கிற்குக் கைக்கொண்டார். வெற்றிடங்களில் புதுக்கன்றுகளை வளர்த்தார். சட்டைப்பை நிறையத் தேக்கு விதைகளைச் சுமந்து, கைத்தடியால் குழி செய்து, நடந்த வழியெல்லாம் விதைத்தார் என்றும் கூறுவர்.

இச்செயலின் அருமையைக் கணக்கினால் உணரலாம். இன்று ஒரு ரூபாய் செலவிட்டு நட்ட மரம் அறுபது ஆண்டு கழித்து விலைபோவதாகக் கொள்வோம். நூற்றுக்கு நான்கு கூட்டு வட்டிப்படி, அம்மரம் பத்தரை ரூபாய்க்கு மேல் விற்றாலன்றி நட்டவர்க்கு இலாபமில்லை. எதிர்காலப் பயனை இவ்வாறு வட்டி கழித்து இன்றைய விலையாக மதிப்பிடும் வழியை 1849-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய வனநூலார் பௌஸ்ட்மன் வகுத்தளித்தார். இன்று அணைக்கும் சாலைக்கும் இலாப நட்டம் பார்க்கும் பொருளியலாரும் இவ்வகைக் கணக்கையே கையாளுகின்றனர். இதில் வட்டி உயர உயரப் பேரப்பிள்ளைகளின் பங்கு குறைந்துகொண்டே போம். மணஞ்செய்யாது, மக்களின்றி வாழ்ந்த உட், பிறர் பேரப்பிள்ளைகளுக்காக நட்டார். இதனினும் பெரிய ஈகை யாது?

ஆயினும், உண்மை கூறுமிடத்து, அக்காலத்து வனக் கணக்கிலும் குறையுண்டு. அதில் முதன்மை பெற்றது மரத்தின் விலையே. தேக்கு மட்டும் நிற்கும் தோட்டம் பல்வகை மரம் செறிந்த சோலைக்கு ஈடாகாது. தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்த காடர்க்கு நேர்ந்த இழப்பை எப்பேரேட்டில் எழுதினர்? மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடும் மலைமண்ணுக்கு எவர் விலையிட்டனர்? இன்று பொள்ளாச்சி, உடுமலை வட்டங்களின் தென்னந்தோப்புகள் பரம்பிக்குளம் ஆழியாற்று நீரால் செழிக்கின்றன. அந்நீரை ஈன்று தருவது ஆனைமலையே. சந்தையில் விலையில்லாத பொருளைப் பயனில்லாத பொருள் என்று கருதுதல் பேதைமை.

உட் 1933-ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். அவர் விரும்பியவாறே அவருடல் டாப்ஸ்லிப்பில் தேக்கு மரங்களிடையே அடக்கம் செய்யப்பட்டது. 1976-இல் அக்காடு வனவிலங்குச் சரணாலயமாகிப் பின்னர்ப் புலிகள் காப்பகமுமாயிற்று. கோடரி புகுந்து பொருளீட்டிய இடத்தில், இன்று மரம் நிற்பதே செல்வமெனப் போற்றப்படுகிறது.

மாணவ நண்பர்காள்! நம்மிற் சிலர் நாளை அலுவலகங்களில் அமர்ந்து, ஒரு காட்டை வைத்துக் கொள்வதா, அழிப்பதா என்று கணக்கெழுத நேரிடும். அன்று உட் துரை கணக்கிற் சேர்த்த வருங்காலத்தை நாமும் சேர்ப்போம். அந்நாளில் விடுபட்ட நீரையும் மண்ணையும் மலைவாழ் மக்களையும் மறவாது சேர்ப்போம். அதுவே அவர்க்கு நாம் செய்யும் கைம்மாறு.