ஆசாரியர் நந்தலால் போஸ்

விழா மலர்களிற் பெரியோர் சரிதம் இடம்பெறுதல் மரபு. அம்மரபைத் தழுவி இம்மலருக்கு யாம் எடுத்துக்கொண்டது வங்கத்து ஓவியர் நந்தலால் போஸ் அவர்களின் சரிதமாகும். அவரை ஓவியராக மட்டுமன்றி ஆசிரியராகவும் நோக்குதலே எமது கருத்து. பிறர் படைத்ததைக் கூர்ந்து ஆராயவும், தாம் படைத்ததைத் தாமே சீர்தூக்கவும் மாணாக்கரைப் பழக்குவது எவ்வாறு என்னும் வினா எம்மைப் போன்ற ஆசிரியரை நெடுநாளாக வருத்துவதொன்று. அவ்வினாவுக்கு அன்னாரின் வாழ்க்கையே ஒரு விடையாக அமைந்துள்ளது.

நந்தலால் 1882 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 3 ஆம் நாள், இன்றைய பீகார் மாநிலத்துக் கரக்பூரில் வங்காளிக் குடும்பமொன்றிற் பிறந்தார். குயவர் மண்ணைப் பிசைந்து உருவம் சமைப்பதைப் பார்த்திருத்தலே இளமையில் அவருக்குப் பேரின்பமாயிருந்தது. கல்கத்தாவில் உயர்கல்வி பயிலச் சென்றவர் பரீட்சையிற் சித்தியடைந்திலர். வணிகக் கல்வியிற் சேர்த்தபோதும் மனம் அதிற் பொருந்தவில்லை. ஈற்றில், 1905 ஆம் ஆண்டளவில் அரசினர் சித்திரக் கலாசாலையை அடைந்து, அவனீந்திரநாத தாகூரின் மாணாக்கரானார். பரீட்சைத் தாள் ஒருவனை முழுவதும் அளந்துவிடாது என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

குருவுக்கும் சீடருக்கும் இடையே நிகழ்ந்ததாக அவனீந்திரநாதரே பிற்காலத்திற் கூறிய சம்பவமொன்று உண்டு. நந்தலால் உமையின் தவத்தைச் சித்திரமாகத் தீட்டிக் குருவிடம் காட்டினார். அதில் வண்ணம் மிகக் குறைவு, அணிகலன் யாதுமில்லை. குரு அதனைப் பார்த்து, இத்துணை வறட்சி வேண்டுமோ என வினவி, நெற்றியிற் சந்தனமும் கையில் ஒரு செம்மலரும் சேர்த்தல் நன்றெனக் கூறி அனுப்பினார். அன்றிரவு குருவுக்கு உறக்கம் வரவில்லை. அரண்மனையைத் துறந்து கடுந்தவம் புரியும் உமைக்கு அலங்காரம் ஏது? மாணாக்கன் கண்ட உமையைத் தாம் காணத் தவறியதை அவர் உணர்ந்தார். பொழுது புலர்ந்ததும் நந்தலாலிடம் ஓடினார். அவரோ குருவின் சொற்படி திருத்துவதற்குத் தூரிகையை எடுத்த நிலையில் இருந்தார். குரு தடுத்தார், சித்திரம் பிழைத்தது. மாணாக்கனின் படைப்பைக் காத்தற்பொருட்டுத் தம் சொல்லைத் தாமே மீட்டுக்கொண்ட குருவும், அதனைக் கண்ணாரக் கண்ட சீடரும் வாழ்ந்த காலம் அது.

பிறர் படைப்பை ஆராயும் முறையை நந்தலால் அசந்தாக் குகைகளிற் கற்றார். 1909 ஆம் ஆண்டில் அங்குள்ள சுவரோவியங்களைப் படியெடுக்க வந்த ஹெரிங்காம் சீமாட்டியாருக்குத் துணையாகச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். படியெடுத்தல் வெறும் நகலெடுப்பன்று. பழைய ஓவியன் கோட்டை எங்கே தொடங்கினான், எங்கே அழுத்தினான், எங்கே தூரிகையை எடுத்தான், ஓர் உருவத்தை மற்றோர் உருவத்துடன் எவ்வாறு இணைத்தான் என்று அடிதோறும் வினவி விடைகாணும் ஆராய்ச்சி அது. அழகாயிருக்கிறது என்று கூறி அப்பாற் செல்பவனுக்கு இவ்விடைகள் கிட்டா. 1921 ஆம் ஆண்டிற் பாக் குகைகளிலும் அவர் இப்பணியை மேற்கொண்டார்.

1912 ஆம் ஆண்டிற் கல்கத்தாவுக்கு வந்த யப்பானிய அறிஞர் ஒகாகுரா, மூன்று தீக்குச்சிகளை முக்கோணமாக வைத்துக் கலையின் இலக்கணத்தை விளக்கினார் என்பர். ஒரு குச்சி இயற்கை, ஒன்று மரபு, மற்றையது தன்னாக்கம். ஒன்றை அகற்றினும் முக்கோணம் குலையும். தம் படைப்பைத் தாமே சோதிக்க விரும்பும் மாணாக்கனுக்கு இதனினும் எளிய அளவுகோல் வேறுண்டோ? உலகைப் பார்த்தேனா, முன்னோரைக் கற்றேனா, என்னுடையது இதில் யாது என்னும் மூன்று வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன.

இரவீந்திரநாத தாகூர் 1919 ஆம் ஆண்டிற் சாந்திநிகேதனத்தில் நிறுவிய கலாபவனத்தின் தலைமையை, 1922 ஆம் ஆண்டளவில் நந்தலால் ஏற்று, 1951 ஆம் ஆண்டு வரை நடத்தினார். அங்கே அவர் மேடைமீதிருந்து விரிவுரை ஆற்றுபவராக இருந்திலர். மாணாக்கர் நடுவே தாமும் அமர்ந்து வரைந்தார். அயலிலுள்ள சந்தாலர் கிராமங்களுக்கு அவர்களை அழைத்துச் சென்றார். ஒரு மரத்தை வரையுமுன் அதனை நெடுநேரம் பார்க்கச் செய்தார். பார்த்ததை நினைவிலிருந்து வரையவும் பழக்கினார். பிழை கண்டவிடத்து மாணாக்கரின் சித்திரத்தின்மேற் கைவையாது, வேறொரு தாளில் வரைந்து காட்டுதல் அவர் வழக்கம். ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தும் பொறுப்பு மாணாக்கருடையதே. தொலைவிலிருந்தோர்க்கு அவர் சிறு அட்டைகளிற் சித்திரம் வரைந்து அனுப்புவார். கடிதமும் அதுவே, பாடமும் அதுவே.

இம்முறையின் பயனை அவர்தம் சீடரிடத்துக் காணலாம். வினோத் பிகாரி முகர்ஜி ஒரு கண் பார்வையற்றவர். மற்றைக் கண்ணும் மிக மங்கியது. இத்தகையவர் ஓவியம் பயிலல் கூடுமோ என்ற ஐயம் நந்தலாலுக்கே எழுந்ததென்றும், அம்மாணாக்கரின் ஊக்கத்தையும் ஒழுங்கையும் மட்டும் கேட்டறிந்த தாகூர் அவரைத் தடுக்கவேண்டாவெனப் பணித்தார் என்றும் கூறுவர். அம்மாணாக்கரே பின்னர்ச் சாந்திநிகேதனத்து இந்திபவனச் சுவரிற் பக்தரின் வாழ்வைப் பேரோவியமாகத் தீட்டினார். பார்வையை முற்றாக இழந்த பின்னரும் கலையைக் கைவிட்டிலர். இராம்கிங்கர் பைஜ் சீமெந்தும் கல்லும் கொண்டு 1938 ஆம் ஆண்டிற் சந்தாலர் குடும்பத்தைச் சிலையாக எழுப்பினார். இருவரும் குருவின் நிழல்களாக அமைந்திலர். இந்திய அரசியலமைப்பின் மூலப்பிரதியைச் சித்திரங்களால் அணிசெய்யும் பணி நந்தலாலிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் மாணாக்கரையே உடன் சேர்த்துக்கொண்டார். முகவுரைப் பக்கத்தின் அணிவேலை அவர் மாணாக்கர் இராம்மனோகர் சின்ஹாவின் கைவண்ணமாகும்.

எமது நாட்டுக்கும் அவர் அந்நியரல்லர். 1934 ஆம் ஆண்டிற் தாகூர் இலங்கைக்கு வந்தபோது நந்தலாலும் உடன் வந்தார். பின்னர் இங்கிருந்தும் மாணாக்கர் சாந்திநிகேதனம் சென்று பயின்றனர்.

இவற்றை எழுதுங்கால் எமது குற்றமொன்று நினைவுக்கு வருகின்றது. யாம் சித்திர ஆசிரியரல்லேம், தமிழாசிரியர். சில ஆண்டுகளுக்கு முன் மாணாக்கனொருவன் தன் கிராமத்தைப் பற்றி எழுதிய கட்டுரையைப் போட்டிக்கு அனுப்பும்பொருட்டுச் சிவப்பு மையாற் திருத்தினோம். விடியற்காலையில் துலா எழுப்பும் கிறீச்சொலி கேட்டே தான் கண்விழிப்பதாக அவன் எழுதியிருந்தான். அதனை வெட்டிவிட்டு, ஆதவன் உதயமாவதைப் பற்றிய அலங்கார வசனமொன்றை இட்டோம். கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றவன் முகத்தில் மகிழ்ச்சியைக் கண்டிலேம். அதன் பின்னர் அவன் எதனை எழுதத் தொடங்குமுன்னும் எவ்வாறு எழுதவேண்டும் ஐயா என்று எம்மையே கேட்கலானான். அவன் செவியை யாம் பறித்துக்கொண்டோம் என்பது மிகப் பிந்தியே எமக்கு விளங்கியது. உமையின் நெற்றியிற் சந்தனம் இட்டவர் யாமே. விடியுமுன் ஓடிச்சென்று தடுத்திலேம்.

நந்தலால் போஸ் 1954 ஆம் ஆண்டிற் பத்மவிபூஷண விருது பெற்றார். 1966 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 16 ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் தீட்டிய ஓவியங்கள் காட்சிச்சாலைகளில் உள்ளன. அவர் தீட்டாது விட்ட இடங்களோ மாணாக்கரின் படைப்புக்களாக மலர்ந்தன. இக்கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று ஆசிரியராக விளங்குகின்றனர். மாணாக்கனின் தாளை நோக்கிச் சிவப்பு மை செல்லும்போது அவர்கள் ஒரு கணம் கையை நிறுத்தி, நீ இங்கே எதனைக் கண்டாய் என்று அவனை முதலில் வினவுவாராக. யாம் இப்பொழுது அவ்வாறே வினவுகின்றோம். விடை வரச் சற்றுத் தாமதமாகும். ஆயினும் வரும் விடை அவனுடையதாயிருக்கும்.