வெனிலாவைக் காய்க்க வைத்த எட்மண்ட் அல்பியஸ் (1829–1880)

பெருநாள் கேக்கிற்கு நாம் வெனிலா விடுகிறோம். போத்தலில் வருவது பெரும்பாலும் செயற்கை வாசனைதான். மெய்யான வெனிலா ஓர் ஓர்கிட் கொடியின் காய். அக்கொடியைத் தோட்டங்களில் இலகுவாகக் காய்க்க வைக்கும் வழியைக் கண்டவர், பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத ஓர் அடிமைச் சிறுவர்.

தமிழ் வம்சாவளியினர் பலர் இன்றும் வாழும் றீயூனியன் தீவிலே, செயின்ட் சூசான் என்னும் ஊரில் 1829 இல் எட்மண்ட் பிறந்தார். தாய் மெலிஸ் பிரசவத்திலேயே இறந்துபோனார். தோட்ட உரிமையாளர் பெலியர் போமொன்ட் அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டு, செடிகொடிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். வத்தகைப் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் முறையையும் எட்மண்ட் அவரிடமே கற்றார்.

வெனிலாவின் தாயகம் மெக்சிக்கோவும் அதனை அண்டிய நாடுகளும். அங்குள்ள காட்டுத் தேனீக்களே அதற்கு மகரந்தம் சேர்ப்பவை. 1820களில் றீயூனியனுக்குக் கொடி வந்தது, தேனீ வரவில்லை. பூ ஒரு காலைப் பொழுது மட்டுமே விரியும். மகரந்தத்திற்கும் சூல்முடிக்கும் இடையே ஒரு மெல்லிய மடல் மறைத்து நிற்கும். ஆகவே கொடி பூத்தது, காய்க்கவில்லை. 1836 இல் பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மொறென் என்ற அறிஞர் செயற்கையாகக் காய்க்க வைத்திருந்தார். ஆயினும் அவரது முறை தோட்டங்களுக்குப் பரவவில்லை. 1841 இல் பன்னிரண்டு வயது எட்மண்ட், ஒரு சிறு குச்சியால் அந்த மடலை உயர்த்தி, மகரந்தத்தைப் பெருவிரலால் சூல்முடியில் அழுத்திவிட்டார். காய் பிடித்தது. அயல் தோட்டக்காரர்கள் தங்கள் அடிமைகளுக்கும் கற்பிக்கும்படி அவரை அழைத்துச் சென்றார்கள்.

1848 இல் அடிமைமுறை ஒழிந்தது. அப்போதுதான் அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் அவருக்குக் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. களவுக் குற்றத்திற்காகச் சிறை சென்றார். ரிச்சார் என்ற தாவரவியலாளர் அக்கண்டுபிடிப்பைத் தமதென்றார். பெலியர் போமொன்ட் அதனை எழுத்தில் மறுத்தார்; எட்மண்டின் தண்டனையைக் குறைக்கவும் மனுச் செய்தார். தீவு வெனிலாவால் செழித்தது. அவரோ 1880 இல் வறுமையிலேயே கண்மூடினார்.

மடகஸ்காரின் பெருந்தோட்டங்களில் இன்றும் ஒவ்வொரு பூவையும் அதே விதமாகவே கை தொடுகிறது. தன் தேனீயைப் பிரிந்த செடி மனிதக் கையை நம்பியே காய்க்கிறது. மெக்சிக்கோவின் காட்டு வெனிலாவோ அருகி வருகிறது. எமது நாட்டிலும் காட்டு வெனிலாக்கள் உண்டு. அவற்றுள் வெனிலா மூனி இலங்கைக்கு மட்டுமே உரியது. வெசாக் ஓர்கிட்டும் அவ்வாறே. இவற்றைப் பிடுங்கி வந்து சாடியில் வைத்தால் மட்டும் காத்ததாகாது. பூச்சியும் மரமும் மண்ணும் சேர்ந்திருந்தால்தான் அவை தாமாக விதை தரும்.

கடல் கடந்தும் ஆசிரியைகளாகவும் தாய்மாராகவும் இருக்கும் எமது சகோதரிகள், மகரந்தச் சேர்க்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எட்மண்டின் பெயரையும் சொல்லிக்கொடுக்கட்டும். அவரது உழைப்புக்கு உரிய கூலி கிடைக்கவில்லை. பெயராவது நிலைக்க வேண்டும்.