மண் போவதை அளந்த மனிதர்

மழை பெய்கிறது. வயலில் இருந்து கலங்கல் நீர் ஓடுகிறது.

அந்த நீரோடு எவ்வளவு மண் போகிறது? அதை அளந்து காட்டி, ஒரு நாட்டையே விழிக்கச் செய்தார் ஒருவர். அவர்தான் ஹியூ ஹாமண்ட் பென்னட்.

இரண்டு நிலங்கள்

பென்னட் 1881-ம் ஆண்டு அமெரிக்காவில், வட கரோலினாவில் பிறந்தார். தந்தை பருத்தி விவசாயி. 1903-ல் பட்டம் பெற்ற பென்னட், சர்க்காரின் மண் ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்தார்.

1905-ல் வர்ஜீனியாவுக்குப் போனார். அங்கே விளைச்சல் குறைந்து வந்தது. காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நிலங்கள் இருந்தன. ஒன்று காடு. மற்றது பல காலமாக உழுத வயல். இரண்டுக்கும் ஒரே சரிவு. ஒரே மழை.

காட்டு மண் பொலபொல என்று இருந்தது. வயலோ கட்டாந்தரை!

பென்னட்டுக்கு உண்மை விளங்கியது. ஒவ்வொரு மழையும் வயலின் மேல் மண்ணை மெல்லிய ஏடு போல உரித்துக்கொண்டு போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் நடந்த திருட்டு அது!

யார் கேட்டார்கள்?

மண் அழியாத சொத்து, அது தீரவே தீராது என்று 1909-ல் அவருடைய இலாகாவே எழுதி வெளியிட்டது. பென்னட் சோர்ந்துவிடவில்லை. மண் அரிப்பு நாட்டுக்கே ஆபத்து என்று 1928-ல் ஒரு பிரசுரம் வெளியிட்டார்.

அதன் பிறகு சோதனை நிலையங்கள் அமைக்கப் பணம் கிடைத்தது. சரிவான நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்தார்கள். ஒன்றில் புல். ஒன்றில் பயிர். ஒன்று வெறும் தரை. வழிந்த நீரைத் தொட்டியில் பிடித்து, மண்ணை எடை போட்டார்கள்.

புல் தரையில் மண் மிகக் குறைவாகவே போனது. வெறும் தரையில் அதைப்போல் பல மடங்கு போனது!

இருண்டது வானம்

1930-க்குப் பின் கடும் வறட்சி. புல்வெளிகளை உழுது கோதுமை போட்ட மேற்குச் சமவெளியில் புழுதிப் புயல் கிளம்பியது.

1935-ல் செனட் கமிட்டி முன் பென்னட் பேசினார். புழுதி தலைநகரை நோக்கி வருவது அவருக்குத் தெரியும். பேச்சை நீட்டிக்கொண்டே போனார். வானம் இருண்டது. அங்கத்தினர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

அந்த ஏப்ரல் மாதமே மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. புதிய இலாகாவுக்கு பென்னட்டே தலைவர். 1951 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

ஆறு எண்கள்

1960-ல் பென்னட் காலமானார். ஆனால் பாத்திகளில் சேர்த்த கணக்கு வீணாகவில்லை. அதைக் கொண்டு விஷ்மியர், ஸ்மித் என்ற இரு நிபுணர்கள் உருவாக்கிய சூத்திரம் 1965-ல் புத்தகமாக வந்தது.

மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, நிலத்தை மூடிய பயிர், வரப்பு போன்ற தடுப்பு ஆகிய ஆறுக்கும் ஆறு எண்கள். அவற்றைப் பெருக்கினால், ஏக்கருக்கு ஆண்டுக்கு எத்தனை டன் மண் போகும் என்று தெரியும்.

காட்டை வயலாக்கினால் என்ன ஆகும்? மழை வலுத்தால் என்ன ஆகும்? எண்ணை மாற்றிப் போட்டால் போதும். நிலம் பாழாகும் முன்பே விடை கிடைத்துவிடும்.

மழையின் வேகத்தை மனிதன் குறைக்க முடியாது. சரிவில் வரப்பு போடலாம். வெறும் தரையைப் புல்லால் மூடலாம். அதுதான் பென்னட் காட்டிய வழி.