ரோட்டைக் கடக்க வழி கேட்ட மந்திரி: யார் இந்த பெலிஷா?

ஆடித்தபசு நேரத்துல சங்கரன்கோவில் ரத வீதிகள்ல நடக்கிறவங்களுக்குத்தான் முதல் மரியாதை. திருவிழா முடிஞ்சா நிலைமை தலைகீழ். ராஜபாளையம் ரோட்டை ஒரு பாட்டி கடக்கணும்னா, பஸ்சும் பைக்கும் கொஞ்சம் மனசு வைக்கணும். 90 வருஷத்துக்கு முன்னால லண்டனும் இப்படித்தான் இருந்தது. அதை மாற்ற முயன்றவர் லெஸ்லி ஹோர்-பெலிஷா.

1893-ல் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். வழக்கறிஞராகி, பத்திரிகைகளில் எழுதி, எம்.பி. ஆனார். 1934-ல் பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சர் பதவி வந்தது. கார்களுக்கு இருந்த வேக வரம்பை 1930-லேயே நீக்கியிருந்தார்கள். 1934-ல் மட்டும் சாலை விபத்துகளில் 7,343 பேர் இறந்தனர். அவர்களில் சுமார் பாதிப் பேர் நடந்து போனவர்கள். லண்டனின் கேம்டன் பகுதியில் சாலையைக் கடந்தபோது அமைச்சர் மீதே ஒரு கார் மோதப் பார்த்தது.

என்ன மாற்றினார்?

* நடப்பவர்களுக்கு: கடக்கும் இடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பம், உச்சியில் ஆரஞ்சு உருண்டை. அதற்கு 'பெலிஷா விளக்கு' என்றே பெயர்.
* ஓட்டுநர்களுக்கு: 1935 மார்ச் முதல் ஊருக்குள் மணிக்கு 30 மைல், அதாவது 48 கி.மீ. வரம்பு. ஜூன் முதல் புது ஓட்டுநர்களுக்கு லைசென்ஸ் தேர்வு கட்டாயம். இன்னைக்கு நாம 'எட்டு' போட்டுக் காட்டுற மாதிரிதான்.
* சைக்கிள்காரர்களுக்கு: லண்டனில் தனிப் பாதை. ஆனால் சைக்கிள் சங்கங்களே எதிர்த்தன. தனிப்பாதையைக் கொடுத்துட்டு, நாளைக்கு மெயின் ரோட்டை விட்டு வெளியேத்திடுவாங்களோ என்பது அவர்களின் பயம்.

எதிர்ப்பு அதோடு நிற்கவில்லை. வேக வரம்பு சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று கார்காரர்கள் கோபப்பட்டனர். ஆரஞ்சு உருண்டைகளைக் கல்லால் அடித்து உடைத்தவர்களும் உண்டு. இருந்தும் 1935-ல் உயிரிழப்பு குறைந்தது. பிறகு போர்த்துறை அமைச்சரான பெலிஷா, 1940-ல் அந்தப் பதவியை இழந்தார். 1957-ல் பிரான்சில் காலமானார். அவர் வைத்த கம்பங்களுக்கு நடுவே வரிக்குதிரைக் கோடுகள் வந்தது 1951-ல்.

நமக்கு என்ன?

இந்தியாவின் 2017 ஓட்டுநர் விதிகளும் இதையேதான் சொல்லுது: பாதசாரிகள் கடக்கும் இடம் வந்தா வேகத்தைக் குறைக்கணும், அவங்க கடக்கும்போது நின்னு வழிவிடணும். சிக்னலோ போலீஸோ இல்லாத இடத்துக்கும் இது பொருந்தும். அந்தக் கோட்டில் காத்து நிற்கும் பாட்டி கேட்பது உதவி இல்லை, அவருக்குச் சட்டப்படி உள்ள உரிமை.