பொரிக் கடையில் பட்ட கடன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க காலம். கல்கத்தா நகரின் தெரு ஒன்றில் நடுவயது விதவைப் பெண் ஒருத்தி பொரி விற்று வாழ்ந்து வந்தாள். ஒரு நாள், பிழைப்புத் தேடிக் கிராமத்திலிருந்து வந்திருந்த தாகுர்தாஸ் என்ற அந்தணச் சிறுவன், பசியால் கால்கள் தளர அக்கடை வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டான். வெறும் தண்ணீர் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வெல்லப் பொரியும் சேர்த்துக் கொடுத்தாள். அவன் உண்ட வேகமே அவன் நிலையைச் சொல்லிவிட்டது. தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்ப வேண்டாமென்று தடுத்து, பக்கத்துக் கடையில் தயிர் வாங்கி வந்து வயிறார உண்ணச் செய்தாள். உணவு கிடைக்காத நாளிலெல்லாம் தன்னிடம் வந்துவிட வேண்டுமென்று வற்புறுத்தியும் அனுப்பினாள்.

அந்தத் தாகுர்தாஸின் மகனே ஈசுவர சந்திர வித்யாசாகர். 1820 செப்டம்பர் 26 அன்று வங்காளத்தின் பீர்சிங்கா கிராமத்தில் பிறந்தவர். தந்தை சொல்லக் கேட்ட இந்நிகழ்ச்சியைத் தமது முற்றுப்பெறாத தன்வரலாற்றில் அவர் உருக்கத்தோடு பதிவு செய்துள்ளார்.

புகழுக்காகக் கொடுப்பவர் உண்டு. புண்ணியம் சேர்க்கக் கொடுப்பவர் உண்டு. நாலு பேர் முன்னிலையில் மறுக்க நாணிக் கொடுப்பவரும் உண்டு. வித்யாசாகரின் ஈகையோ, முகமறியாத ஒரு பொரிக்காரிக்குத் திருப்பிச் செலுத்தும் கடனைப் போலவே நமக்குத் தோன்றுகிறது. கடனாளிக்குக் கர்வம் ஏது?

1856-இல் விதவை மறுமணச் சட்டம் நிறைவேற அவரே முதற்காரணமாக இருந்தார். சட்டம் வந்ததும் மணமக்களுக்கு உதவப் பொருள் தருவதாகச் செல்வர் பலர் வாக்களித்தனர். ஆரவாரம் அடங்கியதும் அவர்களுள் பலர் பின்வாங்கினர். மணங்களை வித்யாசாகர் நிறுத்தவில்லை. 60 திருமணங்களுக்கு 82,000 ரூபாய் செலவாகி, பெருங்கடனில் ஆழ்ந்தார். பணத்துக்காகவே மணம் செய்துகொண்டு அவரை ஏமாற்றியவர்களும் இருந்தனர். யாரோ ஒருவர் தம்மைத் தூற்றுவதாகக் கேள்விப்பட்டபோது, அவருக்கு நான் எந்த உதவியும் செய்ததில்லையே என்று அவர் வியந்ததாகச் சொல்வார்கள். நகைச்சுவைதான், ஆனால் எத்தனை காயங்களின் மேல் விளைந்த நகைச்சுவை!

1866-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது பீர்சிங்காவில் அன்னசத்திரம் நடத்தினார். உண்ண வந்த ஏழைப் பெண்களின் தலை எண்ணெயின்றி வறண்டு கிடந்தது. தலைக்கு எண்ணெய் வழங்க ஏற்பாடு செய்தார். வழங்கியவர்களோ, தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்களைத் தொட்டுவிடுவோமோ என்று அஞ்சி எட்ட நின்று ஊற்றினார்கள். அதைக் கண்ட வித்யாசாகர் அருகே சென்று, தம் கையாலேயே அப்பெண்களின் தலையில் எண்ணெய் தேய்த்தார். சத்திரத்துச் சோற்றைவிட அந்தக் கையின் தொடுகை அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

நகரத்தின் நன்றியின்மை அவரைத் தளர்த்தத்தான் செய்தது. 1870-களில், இன்றைய ஜார்க்கண்டிலுள்ள கர்மாடாரில் வீடு ஒன்றை வாங்கி, சந்தால் மக்களிடையே அடிக்கடி தங்கலானார். ஹோமியோபதி மருந்து கொடுப்பது அங்கே அவரது அன்றாடப் பணி. 1878-இல் அங்கு சென்ற அறிஞர் ஹரபிரசாத் சாஸ்திரி, தாம் கண்ட ஒரு நாளை எழுதி வைத்திருக்கிறார்.

விடிந்ததும் சந்தால்கள் மக்காச்சோளக் கதிர்களோடு வந்தனர். ஒருவர் தமக்கு இவ்வளவு காசு வேண்டும் என்றார். மற்றொருவர் வேறு தொகை கேட்டார். பேரம் எதுவும் இல்லை. கேட்ட விலையை ஒவ்வொருவருக்கும் கொடுத்து வாங்கிய வித்யாசாகர், கதிர்களை அலமாரித் தட்டுகளில் அடுக்கி வைத்தார். இத்தனை கதிர்கள் எதற்கு என்று விருந்தாளிக்கு விளங்கவில்லை. இடையில் வித்யாசாகரைக் காணோம். மூக்கில் இரத்தம் வழிந்த ஒரு சிறுவனுக்கு மருந்து கொடுக்க வயல்களைக் கடந்து நடந்து போயிருந்தார். வியர்வை வழியத் திரும்பி வந்தார்.

பின்னர் சந்தால்கள் கூட்டமாக வந்து, தின்ன ஏதாவது வேண்டும் என்று உரிமையோடு கேட்டனர். காலையில் வாங்கிய கதிர்களையே அவர் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் முற்றத்தில் காய்ந்த இலைகளைக் கூட்டித் தீ மூட்டி, கதிர்களைச் சுட்டுத் தின்றார்கள். தின்று முடித்தவர்கள் மீண்டும் கேட்டார்கள். வித்யாசாகர் அலமாரியை நோக்கி நடந்தார்.