மேற்பார்வைக்குக் காதும் வேண்டும்!

பொழுது புலருமுன் மங்கலம்பேட்டைக் கடைவீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இளைஞர்களைப் பாருங்கள். ஒருவன் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்குப் போகிறான். மற்றொருவன் நெய்வேலிக்கு ஒப்பந்தக் கூலியாகப் போகிறான். மாலையில் திரும்பி வருபவனிடம், வேலை எப்படியப்பா என்று கேளுங்கள். சுமையைப் பற்றி அவன் முதலில் சொல்லமாட்டான். மேலே நிற்கும் மேஸ்திரியைப் பற்றித்தான் சொல்வான். மேஸ்திரி நல்லவராயிருந்தால் கடும் வேலையும் இலேசாகிறது. பொல்லாதவராயிருந்தால் இலேசான வேலையும் நரகமாகிறது. உழைப்பவன் அறிந்த இந்த உண்மையை நிர்வாகங்கள் அறிந்திருக்கின்றனவா?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால், ஒரு பெரியவரின் வாழ்க்கையில் போய் நிற்கிறோம். அவர்தான் திரு.வி.க. அந்தப் பெயரின் நடுவில் நிற்கும் ‘வி’ எது தெரியுமா? விருத்தாசலம்! மங்கலம்பேட்டைக்குப் பக்கத்து ஊரின் பெயரே அவருடைய தந்தையாரின் பெயர். முன்னோர் ஊர் திருவாரூர். பிறந்தது சென்னையை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில், 1883 ஆகஸ்ட் 26-ஆம் நாள்.

படிக்கும் காலத்தில் கதிரைவேற் பிள்ளையிடம் தமிழ் கற்றார். வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லக்கூடாது என வாதாடியவர் அந்த ஆசிரியர். அதன் பேரில் எழுந்த வழக்கில், ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போனார் மாணவர். பள்ளித் தேர்வு கைநழுவியது. அதோடு பள்ளிப் படிப்பும் முடிந்தது. ஆனால், அதே திரு.வி.க. பிற்காலத்தில் வடலூர் வள்ளலாரின் உள்ளத்தை விளக்கி நூல் எழுதினார்! எதிர்த்தரப்பின் நியாயத்தைக் காது கொடுத்துக் கேட்டு, தம் கருத்தை மாற்றிக்கொள்ளும் துணிவு அவருக்கு இருந்தது. அவருடைய தொழிற்சங்கப் பணிக்கும் அதுவே அடித்தளம்.

ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கராக இருந்தார். தேசிய உணர்ச்சி அந்த வேலையை விடச் செய்தது. பின்னர் வெஸ்லி பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். 1917 டிசம்பரில் அதையும் விட்டு, ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார்.

அந்நாளில் சென்னைப் பெரம்பூரில் பின்னி கம்பெனியாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கானோர் அங்கே உழைத்தனர். ஆண் தொழிலாளியை நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க 1911-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. நண்பகல் சாப்பாட்டுக்கு அரை மணி. அதற்குள் ஓடி, உண்டு, கை கழுவி, மீண்டும் ஓடிவர வேண்டும். குறை சொன்னாலோ மேலதிகாரியின் வசை; சில வேளைகளில் அடி. யாரிடம் போய் முறையிடுவது? மேலதிகாரியைப் பற்றிய புகாரையும் அந்த மேலதிகாரியிடமே சொல்ல வேண்டிய நிலை!

அப்பகுதியில் வணிகம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் இந்தத் துயரத்தைக் காதால் கேட்டார்கள். சமயச் சொற்பொழிவுக்கென்று கூடும் சபையில் தொழிலாளர் வந்து அமர்வது வழக்கம். 1918 மார்ச்சில் திரு.வி.க. அங்கே பேச அழைக்கப்பட்டார். சமயம் கேட்க வந்த கூட்டம் சங்கம் பற்றியும் கேட்டது. அன்னிபெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ ஏட்டில் பணியாற்றிய பி.பி. வாடியா துணைக்கு வந்தார். 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைப் போற்றுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய துணைவியார் கமலாம்பிகை மறைந்தார். மக்களும் முன்பே மறைந்துவிட்டனர். அதன்பின் தொழிலாளர் குடும்பமே அவருடைய குடும்பம்.

நிர்வாகம் அன்றே சங்கத்தை அழைத்துப் பேசியிருந்தால் எவ்வளவோ துன்பம் நீங்கியிருக்கும். பேசவில்லை, கதவடைத்தது. 1920 டிசம்பரில் துப்பாக்கி வெடித்தது. இரு தொழிலாளர் மாண்டனர். வாடியா முதலியோர் மீது கம்பெனி உயர்நீதிமன்றம் சென்று தடையாணை வாங்கியது. தொழிலாளருக்காகப் பேசுவதே குற்றமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. அதன் விளைவாக வந்ததே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம்.

வாடியா விலகியபின் தலைமைப் பொறுப்பு திரு.வி.க.விடம் வந்தது. 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் மூண்ட தகராறு, ஜூனில் பக்கிங்காம் ஆலைக்கும் பரவி, அக்டோபர் வரை நீண்டது. நாடு கடத்திவிடுவோம் என்று ஆளுநர் வெலிங்டன் எச்சரித்தார். திரு.வி.க. அசையவில்லை. எனினும் அந்தப் போராட்டம் தோற்றது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஏழையின் இரத்தத்தை ஏழையே சிந்தினான். இதை மறைத்துப் பயனில்லை. சேரியின் குறையைச் சங்கமும் போதிய அளவு கேட்கவில்லை. காது இல்லாத நிர்வாகம் ஆலையை இழக்கிறது. காது இல்லாத சங்கம் ஒற்றுமையை இழக்கிறது.

திரு.வி.க. வேலைநிறுத்தத்தை விளையாட்டாகக் கருதியவரல்லர். அடிக்கடி நிறுத்தினால் அடுப்பு அணையும் என்பதை அறிந்தவர். பேச்சு முதலில், கட்டுப்பாடு அடுத்து, நிறுத்தம் கடைசியில் — இதுவே அவருடைய முறை. ஆனால் கடைசி வந்துவிட்டால் பின்வாங்கியவரும் அல்லர். 1947-இல் மீண்டும் ஆலைத் தொழிலாளர் போராடியபோது, அறுபது கடந்த அந்த முதியவரை வீட்டுக்காவலில் வைத்தது அரசு. எந்த அரசு? வெள்ளையர் அரசன்று, பழைய தென்னார்க்காட்டு ஓமந்தூரார் தலைமை தாங்கிய நம்மவர் அரசு! நாடு விடுதலை பெற்ற ஆண்டில் நாட்டுத் தொண்டர் வீட்டுச் சிறையில்! காதை மூடிக்கொள்ளும் வழக்கம் நாற்காலிக்கே உரியது போலும்.

முதுமையில் அவருடைய கண்பார்வை போயிற்று. அப்போதும் வந்தவர் குறையைக் கேட்டார். வாயால் சொல்லிச் சொல்லி நூல் எழுதுவித்தார். 1953 செப்டம்பர் 17-ஆம் நாள் மறைந்தார். பின்னி ஆலைகளும் 1996-இல் மூடப்பட்டுவிட்டன.

சங்கம் கேட்ட நியாயம் மட்டும் மூடப்படவில்லை. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளில் இருதரப்பும் கூடிப் பேசும் குழுவுக்கு 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வழி செய்தது. 20 பேர் உள்ள இடத்திலும் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. சட்டம் வந்தது, பழக்கம் வந்ததா? எத்தனைப் பட்டறைகளில் அந்தக் குழு கூடுகிறது? ஒப்பந்தக் கூலியின் குரல் எத்தனை குழுக்களில் ஏறுகிறது?

மேற்பார்வை என்னும் சொல்லில் பார்வை இருக்கிறது, கேள்வி இல்லை. அதுதான் குறை. மேஸ்திரி வேலையைக் கண்ணால் பார்க்கட்டும், வேண்டாம் என்பாரில்லை. ஆனால், வேலை செய்பவனின் சொல்லைக் காதாலும் கேட்கட்டும். அரை மணியைக் கூட்டிக் கேட்டவனிடம் அன்று அமைதியாகப் பேசியிருந்தால், துப்பாக்கிக்கு என்ன வேலை? மங்கலம்பேட்டைக் கடைவீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் தம்பியின் சார்பில் நாம் கேட்பதும் அதுவே: அவன் பேச ஓர் இடம், அவன் சொல்வதைக் கேட்க ஓர் ஆள்!