வள்ளல் பச்சையப்ப முதலியார் சரித்திரமும் நமது கடமையும்

ஏரி நிறைந்திருப்பதனால் மட்டும் வயல் விளைந்துவிடாது. மதகு திறக்கப்படல் வேண்டும். வாய்க்கால் செப்பனிடப்படல் வேண்டும். கடைமடையிலுள்ள சிறு வயலுக்கும் முறைப்படி நீர் சென்று சேர்தல் வேண்டும். செல்வர்தம் தருமமும் இத்தகையதே. கொடுப்பவர் மனம் நிறைந்திருந்தும், கொடை செல்லும் வழி அடைபட்டிருப்பின், அதனாற் பயனடைவார் மதகினருகே நிற்கும் சிலரேயன்றிப் பலர் அல்லர். இவ்வுண்மையைத் தம் வாழ்வினாலும், தாம் மறைந்த பின்னர்த் தம் பொருளுக்கு நேர்ந்த கதியினாலும் ஒருங்கே விளக்கி நிற்பவர் வள்ளல் பச்சையப்ப முதலியார் ஆவர். அவர் நெசவுக் குலத்திற் பிறந்தவர் அல்லர். நமது ஆரணியில் வாழ்ந்தவரும் அல்லர். ஆயினும் நம்மனோர் அவர்தம் சரித்திரத்தை அறிந்திருத்தல் பெரிதும் அவசியமென்று கருதி, அதனை ஈண்டுச் சுருக்கி வரையத் துணிந்தோம்.

பச்சையப்பர் 1754-ஆம் ஆண்டு, சென்னைக்கு வடக்கே பவானியம்மன் ஆலயத்தாற் புகழ்பெற்ற பெரியபாளையத்திற் பிறந்தார். தந்தையார் விசுவநாத முதலியார், மகவின் முகங்காணாமலே இறந்துபோனார். தாயார் பூச்சியம்மாள், பெண்மக்கள் இருவரோடும் வயிற்றிலிருந்த இக்குழந்தையோடும் ஆதரவற்று நின்ற காலத்தில், பெரியபாளையத்திலிருந்த ரெட்டிராயர் என்னும் நல்லார் அக்குடும்பத்தைத் தாங்கினார். ரெட்டிராயர் காலமான பின்னர் அவ்வம்மையார் மக்களுடன் சென்னையை அடைந்து, நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவைப் பெற்றார். பிறர் செய்த உதவியால் வளர்ந்த பிள்ளை இவர் என்பதை நாம் மறத்தலாகாது. பிற்காலத்தில் அவர் கைப்பொருளெல்லாம் அறத்திற்கே உரியதாயினமைக்கு வித்து இவ்விளமைப் பருவத்திலேயே இடப்பட்டது போலும்.

அக்காலத்துச் சென்னையில் துபாஷி உத்தியோகம் பெருஞ் செல்வாக்குடையது. இரண்டு பாஷைகளை அறிந்து, கும்பினியாரின் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்க்கும் வர்த்தகர்க்கும் மொழிபெயர்ப்பாளராயும், கணக்கராயும், கொடுக்கல் வாங்கலில் நடுவராயும் இருந்தவரே துபாஷிகள் எனப்பட்டனர். பச்சையப்பர் ஆங்கிலமும் வாணிபமும் கற்று, இளம்பருவத்திலேயே அத்தொழிலிற் புகுந்து பெரும்பொருள் ஈட்டினார். பின்னர்ச் சலிவன் என்னும் ஆங்கிலேயருக்குத் துபாஷியாய்த் தஞ்சைச் சீமையை அடைந்து, அவ்விராச்சியத்தின் கொடுக்கல் வாங்கலில் ஈடுபட்டு, மேலும் செல்வரானார்.

அக்காலம் கர்நாடக தேசத்திற்கு எத்தகைய காலம் என்பதை ஆரணியார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1751-இல் கிளைவின் சேனை பொருததும் நமது ஊர்ப் புறத்திலேயே. ஹைதர் அலி தமது படைக்கு வேண்டும் பண்டங்களைச் சேமித்து வைத்திருந்ததும் நமது கோட்டையிலேயே. 1782-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-ஆம் நாள் சர் அயர் கூட் ஹைதரை எதிர்த்ததும் இவ்வாரணியிலேயே. நாடெங்கும் ஊர்கள் பாழாகிக் குடிகள் சிதறிய அந்நாளில், பட்டணத்தில் இருந்தோர் சிலர் கடன் கொடுத்தும், குத்தகை எடுத்தும் குவித்த பொருள் மிகுதி. அவ்வாறு பொருள் குவித்த துபாஷிகள் பலர். அவர்களுள் இன்று நாவாற் கூறப்படும் பெயர் மிகச் சிலவே. பச்சையப்பர் பெயர் நிலைத்தமைக்குக் காரணம் அவர் ஈட்டியதன்று, விட்டுச் சென்றதேயாம்.

அவர் சென்னையில் கோமளீசுவரன்பேட்டையில் வசித்தார். அந்நாளில் தெளிந்த நீரோடிய கூவம் ஆற்றில் நீராடி, ஆலய வழிபாடு முடித்தே அன்றாட அலுவல்களைத் தொடங்குவர் என்பர். சிதம்பரத்துக் கீழைக் கோபுரத் திருப்பணி அவர்தம் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அன்ன சத்திரங்களும், ஆலயக் கட்டளைகளும், வறியோர்க்கு உதவுதலும் அவர் உள்ளத்தை ஆட்கொண்டிருந்தன. ஆண் சந்ததி அவருக்கு வாய்க்கவில்லை. உடல்நலங் குன்றியபொழுது, 1794-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள், கும்பகோணத்தில் தமது மரண சாசனத்தை எழுதுவித்தார். தம் சொத்தினைச் சிவ, விஷ்ணு ஆலயங்களுக்கும் பிற தருமங்களுக்கும் உரிமையாக்கி, அவற்றை நடாத்தும் பொறுப்பைத் தம்மை ஆதரித்த நாராயண பிள்ளையவர்களிடம் ஒப்புவித்தார். ஒன்பது நாட்கள் சென்றபின், மார்ச்சு 31-ஆம் நாள், திருவையாற்றில் காவிரிக் கரையில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதே.

இனிக் கூறப்போவதே இச்சரித்திரத்தின் முக்கிய பாகம் என்க. வள்ளலின் எண்ணம் தூயது. சாசனமும் எழுத்தில் இருந்தது. பொருளும் குறைவின்றி இருந்தது. ஆயினும் அவர் கருதிய தருமங்கள் செவ்வனே நடைபெறவில்லை. வரவேண்டிய கடன்கள் பல இடங்களிற் சிக்கிக் கிடந்தன. உரிமை கொண்டாடினோர் ஒருபுறமும், பொறுப்பேற்றோர் மறுபுறமுமாக வியாச்சியங்கள் நீண்டன. எவ்வளவு பொருள் உளது, எவர் கையில் உளது, எதற்குச் செலவாயிற்று என்பதை ஊரார் அறிய வழியில்லை. ஏழை ஒருவன் அத்தருமத்தை நாடிச் செல்ல விரும்பினும், எவ்வாசலிற் சென்று கேட்பது என்பதை அறியான். இவ்வாறே ஒரு தலைமுறைக்கு மேற் கழிந்தது.

அக்காலத்தில் சென்னை அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்பார், இவ்விஷயத்தைச் சுப்ரீம் கோர்ட்டாரின் கவனத்திற்குக் கொணர்ந்து விடாமுயற்சியுடன் வாதாடினார். பிரிந்து கிடந்த பொருள் திரட்டப்பட்டது; வட்டியோடு சேர்ந்து அது பல லட்சம் ரூபாயாகப் பெருகியிருந்தது. நீதிமன்றத்தார் ஒரு திட்டம் வகுத்தனர். வள்ளல் குறித்த ஆலய தருமங்களுக்கு வேண்டும் தொகையை முதற்கண் ஒதுக்கி, எஞ்சிய மிகுதியைக் கல்விக்கு உரிமையாக்கினர். இவற்றை நடாத்தத் தனியொருவர் அன்றி இந்து கனவான்கள் அடங்கிய தருமகர்த்தர் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. கோமளீசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளையவர்கள் அக்குழுவிற் சிறந்து விளங்கினார். ஒருவர் வீட்டுப் பெட்டியிற் கிடந்த பொருள், அன்றுதான் ஊராருக்கு உரிய அறநிலையமாயிற்று.

அதன் பயன் விரைவிற் காணப்பட்டது. 1842-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நாள், சென்னை பாப்பம்ஸ் பிராட்வேயில் பச்சையப்பர் கலாசாலை திறக்கப்பட்டது. வள்ளல் மறைந்து ஏறக்குறைய 48 ஆண்டுகள் சென்ற பின்னரே இது நிகழ்ந்தது. ஏழை இந்துச் சிறுவர்கள் ஆங்கிலமும் தமிழும் தெலுங்கும் கற்க அங்கு இடம் கிடைத்தது. 1846-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1850-இல் திறக்கப்பெற்ற பச்சையப்பன் மண்டபம், ஏதென்ஸ் நகரத்துப் பழைய கோயிலொன்றின் மாதிரியில் உயர்ந்த தூண்களுடன் அமைக்கப்பட்டது. 1889-இல் அக்கலாசாலை காலேஜாக உயர்ந்தது. 1940-இல் சேத்துப்பட்டிற்குச் சென்றது. காஞ்சியிலும் சிதம்பரத்திலும் பாடசாலைகள் எழுந்தன. செம்மையாக நடக்கும் இடத்தை உலகம் நம்பும் அன்றோ? வேறு சில தருமவான்கள் ஏற்படுத்திய கட்டளைகளும் நாளடைவில் அவ்வறநிலையத்தாரிடமே ஒப்புவிக்கப்பட்டன.

நெசவாளர் நாம் இங்கே ஒன்றைக் குறிப்பாக எண்ணிப் பார்த்தல் தகும். காஞ்சிபுரத்தில் 1909-ஆம் ஆண்டு நெசவுக் குடும்பம் ஒன்றிற் பிறந்த சிறுவர் ஒருவர், அவ்வூர்ப் பச்சையப்பன் பாடசாலையிலும், பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் காலேஜிலும் கற்று, 1967-இல் இம்மாநிலத்தின் முதலமைச்சரானார். அவரே அறிஞர் அண்ணாதுரை. பச்சையப்பர் உயிரோடிருந்த நாளில் அவர் முகத்தையேனும் பெயரையேனும் அறிந்திராத ஒரு குடும்பத்திற்கு, அவர் மறைந்து நூறாண்டிற்கு மேற்பட்ட பின்னர் அவர்தம் பொருள் சென்று பயன்பட்டது. பழக்கத்தாலோ, உறவினாலோ, சிபாரிசினாலோ சென்றதன்று அது. வாசல் திறந்திருந்தமையாற் சென்றது.

ஆயினும் அவ்வாசலும் முழுவதும் திறந்திருந்ததென்று கூறுதற்கில்லை. இந்துக்கள் அல்லாத மாணவர்க்கு அக்காலேஜில் நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. 1947-இல்தான் அத்தடை நீங்கி, எம்மதத்தார்க்கும் கதவு திறக்கப்பட்டது. அதனால் வள்ளலின் புகழ் குறைந்ததா? இல்லை, வளர்ந்தது. அண்மைக் காலத்திலும் அவ்வறநிலைய நிர்வாகம் மீண்டும் நீதிமன்றத்தின் மேற்பார்வைக்குச் செல்ல நேர்ந்தது. ஒருமுறை மதகு திறந்துவிட்டோம் என்று உறங்கிவிடலாகாது. ஆண்டுதோறும் தூர் வாருதல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மேல்நாட்டிலும் இவ்வுண்மையை உணர்ந்து நடந்தவர் உண்டு. ஸ்காட்லாந்தில் ஒரு கைத்தறி நெசவாளியின் மகனாகப் பிறந்து, அமெரிக்காவில் எஃகுத் தொழிலாற் பெருஞ்செல்வரான ஆண்ட்ரு கார்னீகி என்பார், உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட புத்தகசாலைகள் எழப் பொருளுதவினார். அவர் விதித்த நிபந்தனைகள் எளியன. எல்லா ஊர்க்கும் பொதுவாயிருந்தன. மனை ஊரார் தருதல் வேண்டும். நன்கொடையிற் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்பிற்கு ஊரார் செலவிடுதல் வேண்டும். இவற்றிற்கு இசைந்து கடிதம் எழுதிய சிற்றூர்களும் புத்தகசாலை பெற்றன. பெரிய மனிதரைத் தெரிந்த ஊரே பெறும் என்னும் நிலை அங்கு இல்லாதிருந்தது.

இனி நமது காலத்தை நோக்குவோம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறித்த அளவிற்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்திய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக நற்பணிக்குச் செலவிட வேண்டுமென்று விதித்துள்ளது. பொருளாகிய ஏரி இவ்வாறு நிறைந்தே இருக்கின்றது. எனினும் அதனைக் கம்பெனியின் சார்பற்ற சங்கம் ஒன்று பெற்று நடாத்த வேண்டின், வருமான வரிச் சட்டப்படி பதிவும், கம்பெனி இலாகாவில் 2021 முதல் தனிப் பதிவும், அத்தகைய பணியில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். சமூகப் பங்குச் சந்தை என்னும் புதிய ஏற்பாட்டிற்கு 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளோ, முந்திய ஆண்டில் 50 லட்சம் ரூபாய்க்குக் குறையாமற் செலவிட்ட ஸ்தாபனத்தையே ஏற்கின்றன. மோசக்காரரை விலக்க விதிகள் இன்றியமையாதன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பாவு தோய்ப்போர் தெருவில் இராப்பாடசாலை நடாத்தும் நான்கு இளைஞர் இப்படிகளில் ஏறுவதெங்ஙனம்? தறிக்குழியில் உதவிக்கு அமர்ந்துவிட்ட சிறுமியை மீண்டும் பள்ளிக்கு அனுப்ப வேண்டுவது ஆண்டிற்குச் சில ஆயிரம் ரூபாயே. அச்சிறு தொகை பெருங்கொடையாளர் கண்ணிற் படுவதில்லை. அதனைக் கேட்பவரிடம் தணிக்கை பெற்ற கணக்கும் இல்லை. கொடுப்பவர்க்கும் கேட்பவர்க்கும் இடையே வாய்க்கால் இல்லாமையே குறை.

அவ்வாய்க்காலாக இருக்கத் தக்கவை நம் சங்கம் போன்றவையே என்பது எமது துணிபு. அதற்கு நாம் செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, நம் தரும நிதியை யார், எப்பொழுது, எவ்வாறு கேட்கலாம் என்பதை ஒரு பக்கத்தில் அடங்கும் எளிய விதிகளாக எழுதி, இப்பத்திரிகையில் ஆண்டுதோறும் வெளியிடல் வேண்டும். இரண்டாவது, வரவு செலவும், உதவி பெற்ற பணிகளும், மறுக்கப்பட்டவை எக்காரணத்தால் மறுக்கப்பட்டன என்பதும் அங்கத்தினர் அனைவரும் காணுமாறு அச்சிடப்படல் வேண்டும். பதிவும் தணிக்கையும் இல்லாத சிறு குழுக்களுக்கு, நம் சங்கத்துக் கணக்கரே அவற்றில் உதவுதல் வேண்டும்.

மூன்றாவது சிறிது கடினமானது. எனினும் கூறாதொழிதல் நேர்மையன்று. ஆரணிப் பட்டு நம் குலத்தார் ஒருவரால் மட்டும் உண்டாவதில்லை. பட்டு முறுக்குவோர், சாயந் தோய்ப்போர், பாவு புணைப்போர், கூலிக்கு நெய்வோர் எனப் பல குலத்தவர் கை பட்டே ஒரு சேலை நிறைவடைகின்றது. அச்சேலையின் லாபத்தில் வந்த தருமம் நம் குலத்துப் பிள்ளைகளோடு நின்றுவிடுதல் முறையாகுமா? நம்மவர்க்கே இன்னும் போதவில்லையே என்று முதியோர் கூறுவது பொய்யன்று. ஆதலின் முழுவதையும் ஒரே நாளில் திறந்துவிடுக என்று நாம் கூறவில்லை. நிதியில் ஒரு பங்கையேனும், குலம் நோக்காது, இவ்வூர்த் தொழிலை நம்பி வாழும் எக்குடும்பத்தின் பிள்ளைக்கும் எச்சிறு சங்கத்திற்கும் உரியதாக்குக என்றே வேண்டுகின்றோம். வரும் ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் இதனை ஆராய்ந்து முடிவு செய்வாராக.

பச்சையப்பர் எழுதிவைத்த பொருள் ஏறக்குறைய 48 ஆண்டுகள் பாடசாலையாகாமற் கிடந்தது. நம் பொருள் சிறிது. எனினும் அது ஓராண்டேனும் அவ்வாறு கிடவாதிருக்கச் செய்தல் நம் கையில் உள்ளது. பிறர் உதவியால் வளர்ந்த ஒரு தந்தையற்ற பிள்ளையின் செல்வம் எத்துணையோ வீடுகளில் விளக்கேற்றிற்று. அவ்வள்ளலின் நினைவு நம்மவர் உள்ளத்தில் நிலைபெறுவதாக. நம் சங்கத்தின் மதகும் திறப்பதாக.